சனி எங்கே இருக்கிறது?

மலைக்கோட்டை அடிவாரத்துத் தெப்பக்குளத் தெருக்களிலும் திருவரங்கத்துக் கோபுர வாயிலிலும், சனிப்பெயர்ச்சி நெருங்குந்தோறும் மெலிந்த நூல்கள் குவியக் காண்கிறோம். மேலட்டையிலே காக்கை மீதமர்ந்த கரிய உருவம். உள்ளே பன்னிரண்டு இராசிக்குப் பன்னிரண்டு பகுதி. கவிதையொன்றில் தளை தட்டிவிட்டால் நான்கு கிழமை ஏட்டுப் போர் நடத்தும் நம் புலவர் பெருமக்கள், இந்நூல்களை மட்டும் திறனாய்வுக்கு எடுப்பதேயில்லை. ஏன்? தமிழ்நாட்டிலே ஒரு நூலைப் படித்து, படித்தபடியே நடக்கவும் செய்கிறார்கள் என்றால், அது திருக்குறள் அன்று, இதுதான்! திருமணத்தைத் தள்ளிவைக்கிறார்கள்; கடைதிறப்பைத் தள்ளிவைக்கிறார்கள்; மருத்துவர் குறித்த அறுவையைக்கூடத் தள்ளிவைக்கிறார்கள். இத்துணை ஆற்றல் வாய்ந்த இலக்கியத்தை நாம் மதிப்பிடாமல் விடலாமா?

நடையிலிருந்து தொடங்குவோம். வினைமுற்றுகளைப் பாருங்கள். 'லாம்' என்னும் ஈறு இல்லாமல் ஒரு வாக்கியமும் நகர்வதில்லை. பணம் வரலாம், வந்தது போகலாம், உறவினர் பகைக்கலாம், பகைத்தவர் திரும்பலாம். எது நடந்தாலும் நூல் தோற்காது. எதையும் அது சொல்லவில்லையே! 'லாம்' மறைந்து 'வேண்டும்' தலைகாட்டும் இடம் ஒன்றே ஒன்று. அது பரிகாரப் பகுதி. எத்தனை எள் விளக்கு, எந்தக் கிழமை, எந்தக் கோயில், எந்த விரலில் நீலக்கல் என்பதில் மட்டும் ஐயமே கிடையாது. ஆசிரியரின் உள்ளக்கிடக்கையை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பலன் கிடக்கட்டும். சனி எங்கே இருக்கிறது என்பதையாவது இவை ஒழுங்காகச் சொல்கின்றனவா? திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் பெயர்ந்த நாள் 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கம் குறித்த நாளோ 2026 மார்ச் 6. இடைவெளி 342 நாள்! மக்கள் குழம்பிப்போகவே, திருநள்ளாற்றுக் கோயில் நிர்வாகம் 2025 மார்ச்சில் முன்வந்து, தாங்கள் வாக்கியத்தைப் பின்பற்றுவோர் என்றும், பெயர்ச்சி 2026-இல்தான் என்றும் அறிவிக்க நேர்ந்தது. முந்திய பெயர்ச்சியிலும் இதே கூத்துத்தான்: ஒன்றுக்கு 2023 சனவரி 17, மற்றதற்கு 2023 டிசம்பர் 20. மகர இராசிக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு நூலின்படி அவர் ஏழரைச் சனியிலிருந்து விடுதலை பெற்றவர். மற்றொன்றின்படி அந்த 342 நாளும் உள்ளேயே கிடப்பவர். மேட இராசிக்காரருக்கோ நேர்மாறான நிலை. இரண்டு நூலும் ஒரே கடையில், ஒரே கயிற்றில் தொங்குகின்றன. கோள் ஒன்றுதானே, ஐயன்மீர்?

காரணம் மறைபொருள் அன்று. மனப்பாடத்துக்கேற்ற வாக்கியங்களாகப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுத்துவைத்த கணக்கு வாக்கியக் கணக்கு. அன்றைய கருவிகளை எண்ணினால் அது பெருஞ்செயல். அதனை நாம் எள்ளமாட்டோம். ஆனால் எந்தக் கணக்கிலும் சிறு பிழை ஆண்டுதோறும் சேரும்; வானை அண்ணாந்து பார்த்துத் திருத்தாவிட்டால் பெருகும். திருக்கணிதத்தார் இக்கால வானியலைக் கொண்டு திருத்திக்கொண்டனர். எதை? இடத்தை மட்டும்! இடத்தை வானியலிடம் இரவல் வாங்கி, அச்சத்தைப் பழைய கடையிலேயே கொள்முதல் செய்கிறார்கள். கணக்கிலே திருக்கணிதம் மேல். மோசடியிலே இரண்டும் உடன்பிறப்பு.

2026 மார்ச் 6 அன்று வாக்கியக் கணக்கு சனியை மீனத்தின் வாயிற்படியில் நிறுத்தியது. அதுவோ திருக்கணிதப்படி மீனத்துக்குள் ஏறத்தாழ எட்டுப் பாகை சென்றுவிட்டிருந்தது. எட்டுப் பாகை என்றால் பதினாறு முழுநிலவுகளை வானில் வரிசையாக அடுக்கிய அகலம். சனி உள்ள தொலைவிலே அது ஏறத்தாழ 20 கோடி கிலோமீட்டர்! பூமிக்கும் ஞாயிற்றுக்கும் இடையிலுள்ள தொலைவே 15 கோடிதான்.

இனி மறுபுறம் பார்ப்போம். காசினி விண்கலம் சனியைச் சுற்றியபடி அனுப்பிய வானொலி அலைகளை அமெரிக்க நாட்டு வானொலித் தொலைநோக்கிகள் பல ஆண்டுகள் கூர்ந்து கேட்டன. அதைக்கொண்டு சனிக் குடும்பத்தின் நடுப்புள்ளி எங்கே என்பதை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்குள் வரையறுத்துவிட்டதாக 2015-இல் அறிவித்தனர். நான்கு கிலோமீட்டர் என்பது காவிரிக்கு இக்கரையில் மலைக்கோட்டையில் நிற்பவர், அக்கரையில் திருவரங்கத்துக் கோபுரத்தைப் பார்க்கும் தொலைவு. எது 'கணிதம்', எது 'வாக்கு' என்று வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும்.

இந்தத் துல்லியம் ஒரே நாளில் வந்ததன்று. கலீலியோ 1610-இல் சனியின் இருபுறமும் காது போல ஏதோ இருக்கக் கண்டார். 1612-இல் அவை மறைந்துபோகக் கண்டு திகைத்தார். மெல்லிய வளையம் அது, விளிம்பு நம்மை நோக்கித் திரும்பும்போது கண்ணுக்கு எட்டாது என்று 1659-இல் ஹைகன்ஸ் விளக்கினார். திடமான தட்டாக இருந்தால் அது நிலைக்காது, எண்ணற்ற துணுக்குகளாகவே இருக்கவேண்டும் என்று 1859-இல் மேக்சுவெல் கணக்காலேயே காட்டினார். 1979-இல் பயனியர் 11, 1980-இலும் 1981-இலும் வாயேஜர் கலங்கள் இரண்டு, 2004 முதல் காசினி என்று மனிதன் அனுப்பிய கலங்கள் அருகே போய்ப் பார்த்தன. மேக்சுவெல் சொன்னது சொன்னபடி இருந்தது! பெரும்பாலும் பனிக்கட்டித் துணுக்குகள். பெருவளையங்களின் குறுக்களவு இரண்டரை இலட்சம் கிலோமீட்டருக்கு மேல். பருமனோ பல இடங்களில் பத்து மீட்டர் அளவே. திருவரங்கத்து இராசகோபுரம் 72 மீட்டர் உயரம். அதை அங்கே நிறுத்தினால் வளையத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும்.

(பெயரிடப்பட்ட வளையங்கள் டி, சி, பி, ஏ, எஃப், ஜி, ஈ என ஏழு. திருவரங்கத்துத் திருச்சுற்றுகளும் ஏழு. இதைப் படித்துவிட்டு, முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று எவரேனும் துண்டறிக்கை போடுவாராயின், நம்மைக் குறை கூறவேண்டா!)

நீலக்கல் வணிகருக்கும் ஒரு செய்தி உண்டு. காசினி சென்றடைந்தபோது சனியின் வடபாதி உண்மையிலேயே நீலமாகத் தெரிந்தது. அங்கே குளிர்காலம், மேற்பரப்பில் மேகம் குறைந்து, தெளிந்த வளியின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடித்ததால் வந்த நீலம் அது. வேனில் வரவர மங்கிவிட்டது. கடலின் நீலம் வானத்தின் நிழல் மட்டுமன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று 1921-இல் காட்டியவர் யார்? திருவரங்கத் தீவிலேயே, திருவானைக்காவலில், 1888-இல் பிறந்த சி.வி. இராமன். சனியின் நீலத்துக்குப் பொருள் சொல்லும் அறிவு அந்தத் தெருவிலேயே பிறந்திருக்க, விரலுக்கு நீலம் விற்கும் கடையில் கூட்டம் நெரிகிறது!

திறனாய்வாளன் என்ற முறையில் நம்மை மிகவும் கவர்ந்தது, காசினி ஏட்டின் அடித்தல் திருத்தல்களே. டைட்டன்தான் ஞாயிற்றுக் குடும்பத்தின் மிகப்பெரிய துணைக்கோள் என்றிருந்தனர். 1980-இல் வாயேஜர் அளந்து, வியாழனின் கனிமீடே பெரிது என்று காட்டிற்று. அடித்துத் திருத்தினர். சனியின் ஒரு நாள் 10 மணி 39 நிமிடம் என்று வாயேஜர் காலத்தில் எழுதினர். காசினியின் அலைவரிசை வேறு எண்ணைக் காட்டவே குழம்பினர். வளையங்களில் ஓடும் அதிர்வலைகளை ஆராய்ந்து 2019-இல் 10 மணி 33 நிமிடம் 38 நொடி என்று எழுதினர். வளையங்கள் சில பத்துக் கோடி ஆண்டு இளமையுடையவையா, கோளோடு பிறந்த முதுமையுடையவையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தீரவில்லை என்றே அவர்கள் எழுதுகிறார்கள். பலன் நூலிலே சென்ற பதிப்பின் பிழைதிருத்தம் எங்கேனும் கண்டதுண்டா? சென்ற பெயர்ச்சிக்குச் சொன்னவற்றுள் எத்தனை பலித்தன என்று ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், நாம் புரட்டியவற்றுள் எதிலும் இல்லை.

திருநள்ளாற்றின் மேலே பறக்கும் துணைக்கோள்கள் மூன்று நொடி நின்றுபோகின்றன என்ற கதையையும் கைப்பேசிகளில் விடாமல் பரப்புகிறார்கள். தாழ்ந்த பாதையில் சுற்றும் கலம் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டர் போவது; நின்றால் விழும். அதற்குமேல் இதற்கு மையைச் செலவிடுவது வீண். உண்மையாகவே சனியின் பிடியில் இருந்த கலம் ஒன்று உண்டென்றால் அது காசினி. ஏழரை ஆண்டன்று, பதின்மூன்றாண்டு! 294 சுற்றுச் சுற்றிற்று. கடைசியில் கோளுக்கும் வளையத்துக்கும் இடையே 22 முறை புகுந்து வந்தது. என்செலாடஸ் என்னும் 500 கிலோமீட்டர் அளவேயான துணைக்கோளின் தென்முனைப் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005-இல் கண்டது. பனி ஓட்டுக்கு அடியிலே உப்புக் கடல். உயிருக்கு வேண்டும் பாஸ்பேட்டும் அந்நீரில் உண்டு என்று 2023-இல் கண்டறிந்தனர். எரிபொருள் தீரும் தறுவாயில், அங்கே ஏதேனும் நுண்ணுயிர் இருந்தால் பூமியின் கிருமி அதைக் கெடுத்துவிடக்கூடாதென்று, 2017 செப்டம்பர் 15 அன்று காசினியைச் சனிக்குள்ளேயே செலுத்தி எரித்துவிட்டனர். இருக்கிறதா என்றே தெரியாத ஓர் உயிருக்காக இத்துணைக் கவலை! இங்கே, கண்முன் நிற்கும் பெண்ணின் திருமணத்தைச் சாதகக் கட்டத்தின் பேரால் நிறுத்திவைக்கிறோம்.

சங்கத் தமிழர் இக்கோளை மைம்மீன் என்றனர். அது புகைந்தால் நாட்டுக்குத் தீங்கு என்ற அச்சம் அன்றும் இருந்தது, மறைக்கவேண்டியதில்லை. ஆனால் புறநானூற்றின் 117-ஆம் பாட்டிலே கபிலர், மைம்மீன் புகைந்தாலும் பாரியின் நாட்டில் மழை பொய்த்ததில்லை, அவன் கோல் செம்மையாயிருந்தது என்கிறார். அஞ்சிய ஊரிலே நின்று அச்சத்தைவிட ஆட்சியை மேலாக்கிப் பாடியவர் அவர். பலன் நூலின் ஆசிரியர்களும் தமிழில்தான் எழுதுகிறார்கள்.

2025 மார்ச் 23 அன்று வளையங்கள் மீண்டும் பூமிக்கு நேர்விளிம்பாகத் திரும்பின, கலீலியோ திகைத்தாரே, அதே காட்சி. திருக்கணிதப் பெயர்ச்சிக்கு ஆறு நாள் முன்பு! சனி அப்போது ஞாயிற்றுக்கு அணித்தே இருந்ததால் நம் கண்ணுக்கு எட்டவில்லை. அதன் பின்னர் வளையங்கள் விரியத் தொடங்கிவிட்டன. முப்பது மடங்கு பெருக்கும் எளிய தொலைநோக்கியே அவற்றைக் காணப் போதும். திருச்சியிலே புதுக்கோட்டைச் சாலையில் அண்ணா பெயரால் அறிவியல் மையமும் கோளரங்கமும் உள்ளன. நம் மன்றத்துத் தோழர்கள் படிப்பகத்துக்கு வாங்கும் நூல்களோடு ஒரு தொலைநோக்கியும் வாங்கி, சனி மாலையில் தெரியும் திங்கள்களில் அம்மா மண்டபப் படித்துறையில் நிறுத்தட்டும். பலன் நூலை வாங்கிக்கொண்டு வருபவரையே முதலில் அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கட்டணம் வேண்டா. டைட்டனில் பறப்பதற்கென 'டிராகன்ஃபிளை' என்னும் கலத்தை 2028-இல் ஏவி, 2034-இல் அங்கே இறக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள்.