கோட்டிலிருந்து சுவருக்கு: கட்டடக்கலை மென்பொருளும் தீர்மானத்தின் இடமும்

கட்டடக்கலைஞர் தம் கையாற் கட்டடத்தைக் கட்டுவதில்லை; கட்டப்படவேண்டியதை வரைந்து கொடுக்கின்றார். கட்டுவோர் அவ்வரைபை வாசித்தே கட்டுகின்றனர். ஐரோப்பாவில் மறுமலர்ச்சிக் காலந்தொட்டு உறுதிபெற்ற கிடைப்படம், நிலைப்படம், வெட்டுமுகம் என்னும் மூவகை வரைபுகளும் இவ்விரு சாராருக்குமிடையிலான மொழியாக இருந்து வந்துள்ளன. இன்று அம்மொழியின் இடத்தைக் கணினியில் எழுப்பப்படும் முப்பரிமாண மாதிரி பெற்று வருகின்றது. இம்மாற்றம் பெரும்பாலும் வேகம், செலவு, வசதி என்னும் அளவைகளாலேயே மதிப்பிடப்படுகின்றது. அவை புறக்கணிக்கத்தக்கவையல்ல. எனினும், தீர்மானம் எப்போது எடுக்கப்படுகின்றது, அதனை எடுப்பவர் யார் என்னும் வினாவே இங்கு முதன்மையானது.

கணினி வரைபின் வரலாறு நேர்கோட்டில் வளர்ந்ததன்று. 1963இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட் உருவாக்கிய ‘ஸ்கெச்பாட்’ என்னும் செயல்நிரலில், இரு கோடுகள் சமாந்தரமாக இருத்தல் வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை விதிக்க முடிந்தது. மூலவுரு ஒன்றை மாற்றின் அதன் படிகள் யாவும் மாறின. 1975இல் சார்ள்ஸ் ஈஸ்ற்மன் எழுதிய கட்டுரையொன்று, வரைபடங்களுக்குப் பதிலாகக் கட்டடத்தின் விவரிப்பையே கணினியில் வைத்திருக்கலாம் என்றும், ஒருமுறை செய்யும் திருத்தம் எல்லா வரைபுகளிலும் பிரதிபலிக்கும் என்றும் எடுத்துக்காட்டியது. ஆயின், 1982இல் வெளிவந்து, தனியாட் கணினியின் துணையுடன் அலுவலகங்களிற் பரவிய ‘ஓட்டோகாட்’ இவ்வழியிற் செல்லவில்லை. அது வரைபலகையையும் பென்சிலையும் திரைக்குக் கொண்டுவந்தது. அதிற் சுவர் என்பது இரு சமாந்தரக் கோடுகளே. அவை சுவர் என்பதை அறிந்தவர்கள் வரைந்தவரும் வாசித்தவருமேயன்றி, கணினி அதனை அறியாது.

கட்டடத்துக்கென்றே அமைந்த மென்பொருள்கள் இந்நிலையை மாற்றின. ஹங்கேரியில் 1982இல் தொடங்கப்பட்ட கிராபிசொவ்ற் நிறுவனத்தின் ‘ஆர்க்கிகாட்’, 2000இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்து 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் உடைமையான ‘றெவிற்’ ஆகியவற்றிற் கோடுகள் வரையப்படுவதை விட, சுவர், தளம், கதவு, யன்னல் என்னும் பொருள்களே வைக்கப்படுகின்றன. கிடைப்படமும் வெட்டுமுகமும் அவற்றிலிருந்து பெறப்படும் தோற்றங்களாகின்றன. யன்னலொன்றை நீக்கினால் எல்லாத் தோற்றங்களிலிருந்தும், யன்னற் பட்டியலிலிருந்தும் அது நீங்கிவிடுகின்றது. கட்டடத் தகவல் மாதிரியாக்கம் எனப்படும் இம்முறையை, 2011இல் அறிவித்தவாறு, 2016இல் பிரித்தானியா தனது மத்திய அரசின் கட்டட வேலைகளுக்கு வேண்டப்படும் நிபந்தனையாக்கியது.

பென்சிலின் இழப்பை எண்ணி இரங்குதல் இவ்விடத்துப் பயன்தராது. தனித்தனியே வரையப்பட்ட கிடைப்படமும் வெட்டுமுகமும் ஒன்றோடொன்று முரண்படுதல் பழைய முறையின் தீராத நோயாகும். காற்றுக்குழாய் செல்லவேண்டிய இடத்தில் உத்தரம் குறுக்கிடுவது பெரும்பாலும் வேலைத்தளத்திலேயே தெரியவந்தது. அங்கு உடைத்துக் கட்டும் செலவையும் உழைப்பையும் வரைபின் அழகு ஈடுசெய்யாது. இதனை ஒப்புக்கொண்ட பின்னரே மாதிரியின்மீதான விமர்சனம் நேர்மையுடையதாகும்.

குறைபாடு வேறிடத்தில் உள்ளது. கோட்டுக்கு ஒரு நற்பண்பு உண்டு: அது அறியாததை அறிந்ததாகக் காட்டுவதில்லை. வடிவமைப்பின் தொடக்கத்தில் ஒற்றைக் கோடு ‘இங்கு ஒரு பிரிப்பு வேண்டும்’ என்று மட்டுமே கூறும். அது செங்கற் சுவரா, மரத்தட்டியா, தூண்வரிசையா என்பது பின்னர் ஆராயப்படும். புதிய மென்பொருள்களிலும் வெறுங் கன உருக்களிலிருந்து தொடங்கும் வசதி உண்டு. ஆயினும் சுவர் என ஒன்றை வைத்த கணமே அந்தத் தயக்கத்துக்கு இடமில்லாது போகின்றது. றெவிற்றில் ‘பொது’ எனப் பெயரிடப்பட்ட சுவர் வகை உண்டு. கட்டுபொருள் இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்பதே அப்பெயரின் கருத்து. ஆனால் அப்பொதுச் சுவருக்கும் 200 மில்லிமீற்றர் போன்ற ஒரு தடிப்பும், ஓர் உயரமும் இருந்தே தீரும். வடிவமைப்பாளர் விடையளிக்காத வினாவுக்கு மென்பொருள் தன்னிடமுள்ள விடையை இட்டு நிரப்பிவிடுகின்றது. அவ்விடை பிழையாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் அது எவராலும் ஆராய்ந்து தெரியப்படாதது. அளவுப் பட்டியலிலும் விலை மதிப்பீட்டிலும் அது ஏறிவிட்டால், ஆராய்ந்தெடுத்த முடிபிலிருந்து அதனைப் பிரித்தறிதல் அரிது.

காலம் செல்லச் செல்ல மாற்றத்தின் செலவு கூடுமாகையால், உழைப்பைத் தொடக்கக் கட்டத்துக்கு நகர்த்துதல் வேண்டும் என்பது 2004இல் பற்றிக் மக்லீமி முன்வைத்த புகழ்பெற்ற வளைகோட்டின் சாரம். பொருளியல் நோக்கில் இது ஏற்புடையதே. எனினும் முந்தி முடிவெடுத்தலும் நன்கு முடிவெடுத்தலும் ஒன்றல்ல. பழைய அலுவலகத்தில் கட்டடக்கலைஞரின் பருவரைபைத் துல்லியமாக்கும் படவரைஞர், ‘இச்சுவரின் தடிப்பு யாது?’ எனக் கேட்டேயாக வேண்டியிருந்தது. அக்கேள்வி பிழைகளைத் தடுக்கும் அரணாகவும் அமைந்தது. மாதிரியை எழுப்பும் இளம் ஊழியரோ கேளாமலே வேலையைத் தொடரலாம். பட்டியலில் ஒரு விடை ஏற்கெனவே காத்திருக்கின்றது. இவ்வாறு, எவரும் அறியாத வகையில், தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறுகின்றது.

இக்கைமாற்றத்துக்கு உடைமை சார்ந்த மற்றொரு பக்கமும் உண்டு. தாளில் வரைந்ததை வாசிப்பதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை. மாதிரியோ அதனை ஆக்கிய மென்பொருளிலேயே முழுமையாக உயிர்வாழ்கின்றது. ஐ.எவ்.சி. என்னும் பொதுப் பரிமாற்ற வடிவம் இருப்பினும், ஒன்றில் உருவான பொருள் மற்றொன்றிற்குச் செல்கையில் அதன் திருத்தத்தக்க தன்மையிற் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது. 2020 ஜூலையில் பிரித்தானியக் கட்டடக்கலை நிறுவனங்கள் பல, றெவிற்றின் செலவு உயர்வதையும் அதன் வளர்ச்சி மந்தமாயிருப்பதையும் சுட்டி ஓட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. கருவியைக் கைவிட இயலாதவர்களே இத்தகைய கடிதங்களை எழுதுவர் என்பது மனங்கொளத்தக்கது.

மீண்டும் வரைபலகைக்குச் செல்லுதல் இதற்குப் பரிகாரமன்று. கட்டளைகளைப் பயிற்றுவதோடு கல்வி நின்றுவிடாமை வேண்டும். மாதிரியொன்றை ஒப்படைக்கும் மாணவர், அதில் எவ்வெவற்றைத் தாம் தீர்மானித்தார், எவ்வெவற்றை மென்பொருளிடம் விட்டுவிட்டார் எனக் கணக்குக் காட்டுமாறு கேட்கப்படல் வேண்டும். அக்கணக்கைக் காட்ட வல்லவருக்கு மாதிரி இதுவரை கிடைத்தவற்றுள் மிகச் சிறந்த கருவி. அதனைக் காட்ட இயலாதவரின் கட்டடத்திலே, வேறெங்கோ எவரோ தீர்மானித்த சுவர்களே எழுந்து நிற்கும்.