முழங்கால் இல்லாத இளவரசி

கல்லூரி மாணவர்கள் செய்த கேம் என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் 'நார்பகுலர் டிராப்' கதையைச் சொல்லிவிடுவார். அமெரிக்காவில் ரெட்மண்ட் நகரில் இருக்கும் டிஜிபென் கல்லூரி மாணவர்கள் சிலர் 2005-ல் செய்த கேம் அது. கல்லூரியின் வேலைவாய்ப்புக் கண்காட்சியில் வால்வ் நிறுவனத்துக்காரர்கள் அதைப் பார்த்தார்கள், அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள், குழுவையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2007 அக்டோபரில் 'போர்ட்டல்' வந்தது. சுபம்.

இந்தக் கதை எனக்குப் பிடிக்காது. பொய் என்பதால் இல்லை. இதைக் கேட்கிற மாணவன் "ஒரு நல்ல ஐடியா கிடைச்சா போதும்" என்று நினைத்துக்கொண்டு போகிறான் என்பதால்தான். இரண்டு கேம்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிவது வேற விஷயம்: எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பது.

முதலில் மாணவர்களுடையது. ஒரு இளவரசியைப் பூதம் பிடித்துப் பாதாளச் சிறையில் போடுகிறது. அந்தச் சிறைக்கே உயிர் உண்டு, பெயர் வாலி. வாலி சுவரில் இரண்டு வாசல்களைத் திறக்கும், ஒன்று நீலம், இன்னொன்று ஆரஞ்சு. ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளியே வரலாம். இளவரசியின் பெயர் 'நோ-நீஸ்', அதாவது முழங்கால் இல்லாதவள். அவளால் குதிக்க முடியாது.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனா ஒரு கேமில் குதிப்பதை விட்டுவிட்டால் எவ்வளவு வேலை மிச்சம் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கான அனிமேஷன் வேண்டாம். ஒவ்வொரு மேடையும் குதித்து ஏறக்கூடிய உயரமா என்று சோதிக்க வேண்டாம். புதிரை விட்டுவிட்டு ஆட்டக்காரர் தாவிப் போய்விடுவாரோ என்ற பயமும் வேண்டாம். மேலே போக ஒரே வழி வாசல்தான். இல்லாததை மன்னிப்புக் கேட்டு ஒளித்துவைக்காமல், அதையே கதாநாயகிக்குப் பெயராக வைத்தார்கள். இந்தக் கேமின் ஆகச் சிறந்த திட்டமிடல் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. பூதமும் இளவரசியும் எத்தனையோ கேம்களில் பார்த்த சமாச்சாரம். வாசல் என்ற புதுமைக்கும் அந்தக் கதைக்கும் ஒட்டுறவே இல்லை. ஒரு வாசலுக்குள்ளே எட்டிப் பார்த்தபடியே அடுத்த வாசலைத் திறக்கலாம் என்ற வித்தையும் இதில் இருந்தது. புரோகிராமருக்குப் பெருமை, புதிர் அமைக்கிறவருக்குத் தலைவலி.

'போர்ட்டல்' கேமில் அந்த வித்தையை எடுத்துவிட்டார்கள். நிறங்கள் மட்டும் அப்படியே தங்கின. பெரிய நிறுவனத்துக்குள் போனபிறகும் குழு பத்துப் பேரைத் தாண்டவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் வேலை நடந்தது. புதிதாக எல்லாம் வரைய ஆள் போதாததால் கதையை 'ஹாஃப்-லைஃப்' உலகத்தோடு இணைத்து, ஏற்கெனவே இருந்த பொருட்களை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தக் கேமின் வெறிச்சோடிய வெள்ளை அறைகளை 'என்ன அழகு' என்று நாம் ரசிக்கிறோம். உண்மையில், ஆடிப் பார்த்தவர்கள் அலங்காரப் பொருட்களையெல்லாம் புதிரின் பாகம் என்று நினைத்து மணிக்கணக்கில் குழம்பியதால்தான் அறைகள் காலியாயின. இதயம் போட்ட அந்தப் பெட்டி கதையும் அப்படித்தான். லெவல் முழுக்கக் கூடவே தூக்கிப்போக வேண்டிய பெட்டியை ஆட்டக்காரர்கள் பாதியில் மறந்துவிட்டுப் போனார்கள். மறக்காமல் இருக்க இதயம் வரைந்தார்கள், அது தோழன் ஆனது.

ஆக, 2005-ல் எதை விடுவது என்று சொன்னது கையிருப்பு. அதன்பிறகு அதோடு சேர்ந்து சொன்னது ஆட்டக்காரர். இந்த இரண்டாவது பாடம்தான் நம்முடைய கல்லூரி ப்ராஜெக்ட்டுகளில் கிடையவே கிடையாது.

சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு நாங்கள் நாலு பேர் ஒரு கேம் செய்தோம். திட்ட அறிக்கை நாற்பது பக்கம்: மூன்று நகரங்கள், பகல்-இரவு, குதிரைச் சவாரி. கடைசியில் ஒரு தெருவும் ஒரு கதவும் வந்தது. கதவு திறக்கும், மூடாது. மதிப்பீட்டன்று மவுஸ் என் கையில்தான் இருந்தது. எங்கே போகக் கூடாது என்று எனக்குத் தெரியும், அதனால் கேம் நன்றாகவே ஓடியது. நல்ல மார்க்கும் கிடைத்தது. எங்கள் நாலு பேரைத் தவிர அந்தக் கேமை இன்றுவரை யாரும் ஆடியதில்லை.

மார்க் வந்தது அறிக்கைக்கு. அறிக்கையில் எதைச் சேர்த்தாலும் செலவில்லை, அதனால் சேர்த்துக்கொண்டே போனோம். "இதில் எதை வெட்டினீர்கள், ஏன்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நாற்பது பக்கம் நாலு பக்கமாகியிருக்கும்.

கேம் செய்துகொண்டிருக்கும் மாணவர் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். இந்த வாரமே, எவ்வளவு அரைகுறையாக இருந்தாலும் சரி, அதை உங்கள் தங்கையிடமோ பக்கத்து ரூம்காரரிடமோ கொடுங்கள். பின்னாடி நின்று வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர்கள் சிக்குகிற இடத்தில் "அங்கே இல்ல, இங்கே போ" என்று சொல்ல நாக்கு துடிக்கும் பாருங்கள், அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டியது அங்கேதான்.