நான்கு முறை சொன்ன கதை

1980இல் 'ஹவுஸ்கீப்பிங்' நாவலால் பெயர் பெற்ற அமெரிக்க எழுத்தாளர் மெரிலின் ராபின்ஸன், பின்னர் 24 ஆண்டுகள் நாவல் எதுவும் வெளியிடாதிருந்து, 2004இல் 'கிலியட்' என்ற படைப்போடு திரும்பியபோது, அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் இரண்டு போதகர் குடும்பங்களை விட்டு இனி அகல்வதில்லை என்று சங்கற்பம் செய்துகொண்டவர் போலானார். 'ஹோம்' (2008), 'லைலா' (2014), 'ஜாக்' (2020) ஆகிய மூன்றும் அதே மனிதர்களைச் சுற்றியே வருகின்றன.

நன்னூலார் குற்றமாக எண்ணிய கூறியது கூறல் அன்று இது. மரணத்தை எதிர்நோக்கும் முதிய போதகர் ஜான் ஏம்ஸ், தம் சிறு மகன் வளர்ந்தபின் படிக்கட்டுமென்று எழுதும் கடிதமே 'கிலியட்'. ஆகார், இஸ்மவேல் கதையை வைத்து, பிள்ளைகளைக் கைவிடும் தகப்பன்மாரைப் பற்றி அவர் பிரசங்கிக்க, நண்பரின் மகன் ஜாக் முகம் வெளுத்து அமர்ந்திருக்கிறான். போதகரின் சாந்தமான குரலில் மயங்கிய நாம் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. 'ஹோம்' நாவலிலோ, தங்கை குளோரி இருக்கும் வீட்டுக்கு அவன் நொந்து திரும்புவதைக் காணும்போது, ஏம்ஸின் நியாயத்தில் நாம் வைத்த விசுவாசம் ஆட்டங்காண்கிறது. முதல் நூலின் மீது இரண்டாம் நூலே விமரிசனமாக அமைவது அபூர்வமான சாதனை.

நான்கு நூல்களின் முதன்மை மாந்தரில் என் பக்ஷபாதம் ஏம்ஸின் மனைவி லைலாவின் பக்கமே. கேட்பாரற்ற குழந்தையாய் இருந்து, டால் என்ற நாடோடிப் பெண்ணால் தூக்கி வளர்க்கப்பட்டவள். தேவாலயத்திலிருந்து எடுத்துவந்த வேதாகமத்தில் எசேக்கியேலின் வசனங்களைப் பார்த்தெழுதிப் பழகுகிறவள். தன்னை வளர்த்தவளுக்குப் பரலோகத்தில் இடமில்லையென்றால் தனக்கும் வேண்டாமென்று, பெற்ற ஞானஸ்நானத்தை ஆற்று நீரில் கழுவிவிடத் துணிகிறாள். கால்வினின் இறையியலைப் போற்றும் ஆசிரியரே அதற்கு எதிராக இவ்வளவு வலிமையான வழக்கை எடுத்துரைக்க இடங்கொடுத்திருக்கிறார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. அடிமை முறையை எதிர்த்தவர்கள் நிறுவிய அந்த ஊரில், கறுப்பர்களின் தேவாலயத்துக்கு யாரோ தீ வைக்க, சபையார் ஊரைவிட்டே போய்விட்ட செய்தியை ஏம்ஸ் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். அது அவருடைய குருட்டுத்தனம், ஆசிரியருடையதன்று என்று முதலில் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஜாக் காதலிக்கும் கறுப்பினத்துப் பெண், பிஷப்பின் மகள், பள்ளி ஆசிரியை டெல்லாவை நான்காம் நூலும் அவன் கண்ணாலேயே காட்டுகிறது. தம்மினத்தைச் சேராதவளின் உள்ளத்துள் புகுவதற்கு அடக்கம் தடுத்திருக்கலாம் என்பர். தம் கல்விக்கும் வாழ்வுக்கும் எவ்வளவோ தொலைவிலுள்ள லைலாவினுள் புகத் துணிந்தவருக்கு அந்தச் சமாதானம் பொருந்துமா? செயிண்ட் லூயிஸ் மயானத்தில் இரவெல்லாம் ஜாக்குடன் கவிதையும் கடவுளும் பேசுகிற டெல்லா, அந்தக் காதலால் வேலையையும் குடும்பத்தையும் இழக்க நேரும் டெல்லா, தனியே இருக்கும் பக்கம் ஒன்றுகூட அந்நூலில் இல்லை.