நிச்சயமில்லாத நேசமும் சொற்ப முதலும்

காதற்கதை சொல்வோர் வெளியிலிருந்து ஒரு தடையைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்துவது தொன்றுதொட்டு வரும் வழக்கம். குலமோ, தனமோ, தகப்பனாரின் பிடிவாதமோ வழியை மறிக்கும். காதலர் இருவரின் உள்ளம் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஸ்திரமாக இருக்கும். ஆணும் ஆணும் கொள்ளும் நேசத்தைத் திரையில் காட்ட முற்பட்டவர்களும் நெடுங்காலம் இவ்வழக்கத்தையே கைக்கொண்டார்கள். சட்டமும் சமூகமும் மெய்யாகவே குறுக்கே நின்றமையால் அதற்கு நியாயமும் இருந்தது. இங்கிலாந்தில் அவ்வுறவு தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1961ஆம் ஆண்டில் டர்க் போகார்ட் நடித்து வெளியான 'விக்டிம்' படத்தில், மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டத்தின் பிடியில் சிக்கிய மனிதர்களின் அச்சமே கதை. அச்சம் விலகினால் அவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று எண்ணிப் பார்க்க அப்படத்துக்கு அவகாசம் இல்லை. 1967இல் சட்டம் தளர்ந்து, அதன்பின் மெல்ல மெல்லச் சமூகமும் தளரத் தொடங்கிய பிற்பாடுதான், உலகம் இவர்களை விட்டுவைக்குமா என்ற கேள்வியின் பின்னாலிருந்து, இவர்கள் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் இருப்பார்களா என்ற மற்றொரு கேள்வி தலைகாட்டிற்று. இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்ட படங்களில் என் மதிப்பில் உயர்ந்து நிற்பவை பெரும்பாலும் சொற்ப முதலில் எடுக்கப்பட்டவை. அது தற்செயலாக நேர்ந்தது என்று நான் கருதவில்லை. சம்பிரதாயமோ, சுற்றமோ, தாலியோ கட்டிக்காக்காத ஓர் உறவுக்கு இருவரும் கூடிக் கழிக்கும் காலத்தைத் தவிர வேறு பிரமாணம் கிடையாது. பணமில்லாத இயக்குநரிடமும் ஓர் அறை, இரண்டு நடிகர்கள், அவர்கள் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கும் காமிரா என்பவற்றைத் தவிர வேறு சாதனம் கிடையாது.

ஆண்ட்ரூ ஹேய் 2011இல் வெளியிட்ட 'வீக்கெண்ட்' இதற்குத் தலைசிறந்த உதாரணம். 'கிளாடியேட்டர்' போன்ற பிரம்மாண்டமான படங்களின் தொகுப்பறையில் உதவியாளராக இருந்து தொழில் பயின்றவர் அவர். தம் சொந்தப் படத்துக்கு அவருக்கு வாய்த்த முதல் சுமார் 1,20,000 பவுண்டு. நாட்டிங்காம் நகரில், மூன்று வாரத்துக்கும் குறைவான காலத்தில், கதை நிகழும் வரிசையிலேயே காட்சிகளைப் படமாக்கினார். ஆகவே, முதல் நாள் அந்நியர்களாக நின்ற டாம் கல்லன், கிறிஸ் நியூ என்னும் நடிகர் இருவரும் பாத்திரங்களோடு கூடவே பரிச்சயம் அடைந்து, பாத்திரங்களோடு கூடவே பிரிவை நோக்கி நடந்தார்கள். கல்லன் ஏற்ற ரஸ்ஸல், நீச்சல்குளத்தில் உயிர்காப்பாளனாக வேலை பார்ப்பவன். பெற்றோரை அறியாமல் வளர்ப்பு இல்லங்களில் வளர்ந்தவன். உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் 14ஆம் தளத்தில் தனியே குடியிருந்து, பிறர் பயன்படுத்திக் கழித்த கோப்பைகளைப் பழம்பொருள் கடைகளில் வாங்கிச் சேர்ப்பவன். நியூ ஏற்ற கிளென் அவனுக்கு நேர்மாறு: வாதப் பிரியன், யாருக்கும் தலைவணங்காத கலைமாணவன், இரண்டாண்டுப் படிப்புக்காக அமெரிக்காவின் போர்ட்லண்டுக்குப் புறப்பட இருப்பவன். வெள்ளி இரவு சந்தித்தவர்களுக்கு ஞாயிறு மாலை விடை கொடுக்க வேண்டும்.

அவர்கள் கூடிய இரவை ஹேய் நமக்குக் காட்டுவதில்லை. கேளிக்கை விடுதியில் நிற்கும் காட்சி அறுந்து, நேரே மறுநாட் காலைக்கு வந்துவிடுகிறோம். ரஸ்ஸல் காபி கொண்டுவந்து கொடுக்கிறான். கிளென் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை எடுத்து நீட்டி, தன் கலைமுயற்சிக்காக, நேற்றிரவு நடந்ததை ஒளிக்காமல் சொல் என்கிறான். ரஸ்ஸல் கூசுகிறான், தொடங்குகிறான், நிறுத்துகிறான், சொற்களைத் தேடுகிறான். அந்த இரவைப் பற்றி நாம் அறிவதெல்லாம் இந்தத் தடுமாற்றத்தின் வாயிலாக அறிவதே. ஒரே இரவை இருவர் இருவேறு விதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது வெளிப்படும் அக்கணத்தில், காதல் அரும்புவதையும் அதைப் பற்றிய ஐயம் அரும்புவதையும் ஒரு சேரக் காண்கிறோம். உலா பாண்டிகோஸின் காமிரா அதிகம் அசையாமல், முகம் மாறும் வரை காத்திருக்கிறது. பணமிருந்திருந்தால் இவ்விடத்தில் இசை வந்திருக்கும், முந்தைய இரவும் காட்சியாக விரிந்திருக்கும். இரண்டும் இல்லாமையால் நாம் ரஸ்ஸலின் குரலை மட்டுமே பற்றிக்கொண்டிருக்க நேர்கிறது.

உலகம் அப்படத்திலிருந்து அடியோடு ஒழிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. ரயில் நிலையத்தில் அவர்கள் விடைபெறும்போது யாரோ ஒருவன் போகிறபோக்கில் பரிகசித்துவிட்டுப் போகிறான். திருமணம் வேண்டுமா என்று இருவரும் நெடுநேரம் வாதிடுவதும் உண்டு. ஒரே பாலினத்தவர் தம் இணைவாழ்வைச் சட்டப்படி பதிவுசெய்துகொள்ள அனுமதித்த 2005க்கும், திருமணமே நடைமுறைக்கு வந்த 2014க்கும் இடைப்பட்ட அக்காலத்தில் அது ஏட்டு விவாதமன்று. அப்படம் 2016இல் இத்தாலியில் திரையிடப்பட்டபோது, ஆயர் பேரவையின் மதிப்பீட்டுக் குழு அதைத் தகாததென்று தீர்ப்பளிக்க, திருச்சபைக்குச் சொந்தமான அரங்குகள் நிறைந்த அந்நாட்டில் சுமார் பத்துத் திரைகளே அதற்குக் கிடைத்தன.

ஹேய்க்கு முன்னோடிகள் உண்டு. ரான் பெக் பல்லாண்டு சிறுகச் சிறுக நிதி திரட்டி 1978இல் முடித்த 'நைட்ஹாக்ஸ்', பகலில் பாடம் நடத்தி இரவில் துணை தேடி அலையும் லண்டன் ஆசிரியர் ஒருவரின் கதை. மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு ஈவிரக்கமின்றிக் கேள்வி கேட்கும் வகுப்பறைக் காட்சிக்கு ஈடாக அதன் மற்ற பகுதிகள் அமையவில்லை. நியூயார்க்கில் பில் ஷெர்வுட் 1986இல் வெளியிட்ட 'பார்ட்டிங் க்ளான்ஸஸ்' 'வீக்கெண்ட்'டுக்கு அதனினும் நெருங்கிய உறவு. மைக்கேலும் ராபர்ட்டும் பல்லாண்டுத் துணைவர்கள். வேலை நிமித்தம் ராபர்ட் ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் முன்னுள்ள ஒரே நாளில் கதை நிகழ்கிறது. மைக்கேலின் பழைய காதலன் நிக் எய்ட்ஸ் நோயால் நலிகிறான். அவனுடைய முடிவைப் பார்க்கத் திராணியில்லாமல் ராபர்ட் தானே அந்த இடமாற்றத்தைக் கேட்டுப் பெற்றான் என்பது தெரியவரும்போது, விருந்தும் வேடிக்கையுமாகச் சென்ற பொழுது கனத்துவிடுகிறது. அக்காலத்தில் அந்நோயைத் திரைப்படத்தில் சொல்லத் துணிந்தவர் மிகச் சிலர். ஷெர்வுட் 1990இல் அதே நோய்க்கு இரையானார். அவர் நமக்குக் கொடுத்த முழுநீளப் படம் அது ஒன்றுதான். அந்த இழப்பை இன்றும் என்னால் சமாதானமாக ஏற்க முடியவில்லை.

ஒரு நாளும் ஒரு வாரஇறுதியும் எடுத்துக்கொண்ட இவர்களுக்கு எதிர்முனையில், ஐரா சாக்ஸ் 2012இல் 'கீப் த லைட்ஸ் ஆன்' படத்துக்கு ஏறக்குறையப் பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஆவணப்பட இயக்குநர் எரிக்கும், போதைக்கு அடிமையான வழக்கறிஞர் பாலும் சேர்ந்தும் பிரிந்தும் வாழ்வதைச் சொல்லும் அப்படத்தில் சாக்ஸின் சொந்த வாழ்வின் சாயல் உண்டு. பாலைத் தேடி ஓட்டல் அறைக்குச் செல்லும் எரிக், அவன் வேறொருவனுடன் கூடியிருக்கும் வேளையிலும் பக்கத்தில் அமர்ந்து அவன் கையைப் பற்றிக்கொள்கிறான். அவமானமும் பரிவும் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்கவொண்ணாமல் கலந்த காட்சி அது. எனினும் ஆண்டுகள் தாவித் தாவிச் செல்வதால் இடையில் நேர்ந்த சலிப்பை நாம் ஊகித்துக்கொள்ள நேர்கிறது. அந்த அளவில் இப்படம் 'வீக்கெண்ட்'டுக்கு ஒரு படி கீழேதான்.

நம் நாட்டில் உச்சநீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவுக்கு 2013 டிசம்பரில் மீண்டும் உயிர்கொடுத்து, 2018 செப்டம்பரில் அதன் கொடுக்கைப் பிடுங்கிய இடைக்காலத்தில், 2015இல் சுதான்ஷு சரியாவின் 'லவ்' வெளிவந்தது. மும்பையில் வாழும் இசைக்கலைஞன் சாஹிலும், நியூயார்க்கிலிருந்து வந்திறங்கும் பணக்கார நண்பன் ஜெய்யும் ஒரு வாரஇறுதியை மகாபலேஷ்வரில் கழிக்கப் போகிறார்கள். சாஹிலுக்கு வீட்டில் அலெக்ஸ் என்னும் துணைவனும் உண்டு. சட்டம் அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, அப்படம் சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, சம்மதம் என்பது நண்பர்களுக்குள் எங்கே முறிகிறது என்று விசாரிக்கத் துணிந்தது. சாஹிலாக நடித்த துருவ் கணேஷ் படம் வெளிவருமுன்பே காசநோயால் காலமானார்.

'வீக்கெண்ட்'டில் கிளென் ஒரு குறை சொல்லுவான்: தன் கலைமுயற்சியைக் காண எதிர்பாலினத்தாரை நேசிப்போர் வரமாட்டார்கள், இது தங்கள் உலகத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுங்கிவிடுவார்கள் என்று. அதற்கு விடைபோல ஹேய் 2015இல் '45 இயர்ஸ்' என்ற படத்தை எடுத்தார். நார்ஃபோக்கின் கிராமப்புறத்தில், 45ஆம் மணநாள் விருந்துக்கு ஒரு வாரமே இருக்கையில், ஆல்ப்ஸ் பனியில் பல்லாண்டுக்கு முன் மாண்ட பழைய காதலியின் உடல் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கணவனுக்குக் கடிதம் வருகிறது. சட்டமும் சுற்றமும் அங்கீகரித்த இல்லறத்தின் அடியில் அதே ஐயம் கிளம்புகிறது. கதை நிகழும் வரிசையிலேயே படம்பிடிப்பதும், நாட்களை எண்ணிக்கொண்டு நகர்வதும், முகத்தைப் பார்த்துக் காத்திருப்பதும் நாட்டிங்காமின் அந்தச் சிறு குடியிருப்பில் அவர் கற்ற வித்தைகளே. மனைவியாக வரும் சார்லட் ராம்ப்லிங்கின் நடிப்பைப் புகழ்ந்து எழுதியோர் பலர். அந்த மனைவியின் சந்தேகத்துக்கு முதல் ஒத்திகை ரஸ்ஸலின் படுக்கையறையில் நிகழ்ந்தது என்பதை எழுதியோர் சிலரே.