ரவிவர்மாவும் லயத்துச் சுவரும்

நிவித்திகலைத் தோட்ட லயங்களில் சாமிப்படம் இல்லாத காம்பரா அரிது. அப்படங்களின் முன்னோடி ஓவியர் ரவிவர்மா (1848–1906). 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகம், கோயிற்கதவு அடைக்கப்பட்டிருந்த மக்களின் குடிசைக்குள்ளும் தெய்வ உருவங்களைக் கொண்டு சேர்த்தது. இஃது அரும்பணியே, மறுப்பதற்கில்லை.

ஆயினும், அதே தூரிகைதான் 1893-இல் ‘நாடோடிகள்’ என்ற ஓவியத்தில் ஓர் ஏழைத் தாயையும் அவள் மக்களையும் தீட்டியது. அவள் முகத்தில் தேங்கிய களைப்பு, பட்டுடுத்திய தேவியர் எவரிடமும் காணாத உண்மை. வாழ்க்கையைக் காணும் கண் ரவிவர்மாவுக்கு இருந்தது என்பதற்கு இவ்வோவியமே சான்று. எனினும் வீடுதோறும் நுழைந்தவர்கள் தேவியரே. அந்தத் தாயை எந்த லயத்துச் சுவரிலும் நான் கண்டதில்லை.

கொழுந்து பறிக்கும் கையும் பால் வெட்டும் கையும் மாட்டிவைத்த படத்தில் அக்கைகளுக்கு இடமில்லை. அவற்றைத் தீட்டும் ஓவியன் நம் வகுப்பறை வாங்குகளிலிருந்தே எழ வேண்டும்.