மரப்பாவையும் தந்தையின் மேலங்கியும்

சிறுபருவத்திற் படிக்கவேண்டிய நூலை நரை தோன்றிய பின் முதன்முறையாகப் படித்தல் நாணத்தக்கதெனச் சிலர் கருதுவர். அஃது ஒருவகைப் பேறே என்பது என் துணிபு. கார்லோ கொலோடி என்னும் இத்தாலியரின் ‘பினோக்கியோ’வை அண்மையிற் படித்தபோது இதனை உணர்ந்தேன்.

1940 இல் வெளிவந்த வோல்ற் டிஸ்னியின் திரைப்படத்தால் மட்டுமே அக்கதையை யான் அறிந்திருந்தேன். நூலோ முற்றிலும் வேறானது. புளோரன்சு நகரில் 1826 இற் பிறந்த கொலோடி, 1881 இற் சிறுவர் இதழொன்றில் இதனைத் தொடராக எழுதத் தொடங்கினார். இன்றைய நூலின் பதினைந்தாம் அதிகாரத்திலே, பாவை மரத்தில் தூக்கிலிடப்படுவதோடு கதையை முடித்தும்விட்டார். வாசகர் விருப்பத்திற்கிணங்க மீண்டும் தொடர்ந்த கதை 1883 இல் நூலாயிற்று.

திரைப்படத்தில் ஈறுவரை வழிகாட்டும் சில்வண்டு, நூலின் நான்காம் அதிகாரத்திலேயே பாவை எறிந்த மரச்சுத்தியலால் மடிகிறது. ஆசிரியத்தொழில் புரியும் எனக்கு இவ்விடம் சுருக்கென்றது. சில்வண்டின் அறிவுரையிற் குற்றமில்லை. ஆயின், அறிவுரையன்றி வேறொன்றையும் அது ஈந்திலது.

தந்தை ஜெப்பெத்தோவோ வறியவன். அவன் வீட்டு அடுப்பும் பானையும் சுவரில் தீட்டிய ஓவியங்களே. பசித்த பாவை அவ்வோவியப் பானையைத் திறக்க ஓடும் காட்சி சிறுவரை நகைப்பிக்கும்; பிள்ளை பெற்றோரை நகைக்கவிடாது. தன் காலையுணவாகிய மூன்று பேரிக்காய்களையும் மகனுக்கே கொடுக்கிறான் தந்தை. பனி பொழியும் நாளில் மேலங்கியை விற்று அரிச்சுவடி வாங்கி வருகிறான். அங்கி எங்கே என்று கேட்ட மகனுக்கு, அது வெப்பமாயிருந்ததென விடை கூறுகிறான். பொய்யால் மூக்கு நீளும் கதையிலே தந்தையின் இப்பொய்க்குத் தண்டனையில்லை. மகன் உண்மையுணர்ந்து அவனைத் தழுவிக்கொள்கிறான். எனினும், பாவைக்கூத்துப் பார்க்கும் ஆசையால் அவ்வரிச்சுவடியை நான்கு காசுக்கு விற்றுவிடுகிறான். நன்றியுணர்வும் நல்லொழுக்கமும் ஒரே நாளிற் கைகூடுவனவல்ல என்பதைக் கொலோடி மறைத்திலர்.

நூலிற் குறையுமுண்டு. தேவதை தான் துயரால் இறந்ததாகக் கல்லறை காட்டிப் பாவையை வருத்துதல் அறமெனக் கொள்ளத்தக்கதன்று. அச்சத்தாற் பிறக்கும் திருத்தம் நிலையாதென்பதற்கு, அதன் பின்னும் பாவை வழிதவறுதலே சான்று.

இறுதி அதிகாரத்தில் நோயுற்ற தந்தைக்கு ஒரு குவளைப் பாலுக்காகப் பாவை நூறு வாளி நீர் இறைக்கிறான். தனக்கு அங்கி வாங்கச் சேர்த்த நாற்பது காசையும், தேவதை நோயுற்று வறுமையில் வாடுகிறாள் எனக் கேட்டதும் அனுப்பிவிடுகிறான். அன்று தந்தை இழந்த அங்கி ஈண்டு பயன் தருகிறது. அதன்பின்னரே மரம் மனிதனாகிறது.

சிறுவனாக இதனைப் படித்திருப்பின் மூக்கை மட்டுமே நினைவிற் கொண்டிருப்பேன். இன்று என் நெஞ்சில் நிற்பது அங்கி. வகுப்பறையில் யான் சில்வண்டாக நின்ற நாள்கள் பல. அங்கியை விற்ற நாள்கள் எத்துணை என எண்ணிப்பார்க்கிறேன்.