சுவைத்ததைப் பகிர்தலும் திறனாய்வும்

நல்ல நூலொன்றைப் படித்து முடித்தவன் முதலில் தேடுவது மற்றொரு வாசகனையே. தான் பெற்ற இன்பத்தை அவனிடம் கூறவேண்டும். அவனும் அந்நூலைக் கையில் எடுக்கவேண்டும். எடுத்தபின் அவன் மகிழ்ந்தானா என்பதை அறியவேண்டும். இம்மூன்று ஆவலும் மனித இயற்கை. திருவள்ளுவர் இவ்வியற்கையைக் கல்வி அதிகாரத்தில் வைத்துப் பேசினார். தமக்கு இன்பம் தரும் கல்வியினால் உலகமும் இன்புறுதலைக் காணும் கற்றோர் அக்கல்வியின்மேல் மேலும் விருப்பங் கொள்வர் என்பது அவர் கருத்து. கொடுப்பதோடு அமையாது, பெற்றவர் முகத்தை நோக்குவதையும் அவர் உடன் வைத்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

ஆயினும், ‘இந்நூல் மிக நன்று, நீயும் படி’ என்று ஒருவர் நண்பரிடம் கூறும் சொல்லைத் திறனாய்வு என்று எவரும் மதிப்பதில்லை. திறனாய்வு பேரறிஞர்க்கு உரியது என்றும், வாசகர் தம்முள் நூல்களைப்பற்றி உரையாடுவது பொழுதுபோக்கு என்றும் பிரித்துவைக்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. இப்பிரிவு முற்றும் பொருந்துவதன்று. சுவைத்ததைப் பகிர்தல் திறனாய்வின் முதற்படி. அப்படியில் நின்றுவிடின் திறனாய்வு பிறவாது. அப்படியை மிதியாது தாவினால் திறனாய்வுக்கு உயிர் இராது. இலங்கை மலையகத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை வெறும் கொள்கையளவில் நிற்பதன்று. அங்கு நூல் வாழ்ந்ததும் மறைந்ததும் பகிர்வோர் இருந்தமையையும் இல்லாமையையும் பொறுத்தே அமைந்தன.

பகிர்ந்து படித்தல் ஈழத் தமிழர்க்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் நடைபெறும் புராணபடனத்தில் கந்தபுராணச் செய்யுளைப் படிப்பவர் ஒருவர்; பயன் சொல்பவர் மற்றொருவர்; கேட்போர் பலர். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அம்மரபில் விளைந்த வாழ்க்கை முறைக்குக் கந்தபுராண கலாசாரம் என்றே பெயரிட்டார். எழுத்தறியாத முதியவரும் அங்கு அமர்ந்து சூரபன்மன் வரலாற்றைத் தெளிவுற அறிந்தனர். எனினும் அவ்வவையில் நூல் முன்னரே தெரிந்தெடுக்கப்பட்டது. அதன் பெருமை முன்னரே உறுதிசெய்யப்பட்டது. கேட்போர் பயன் சொல்பவரின் திறத்தை எடைபோடலாம். நூலை எடைபோடும் தேவை அங்கு எழுவதில்லை. பகிர்வு உண்டு, தேர்வு இல்லை.

தேர்வையும் பகிர்வையும் இணைத்த அவையொன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலியிலே தோன்றியது. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் இல்லத்தில் நண்பர்கள் கூடிய வட்டத்தொட்டியே அது. தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகராஜன் போன்றோர் அவ்வட்டத்தின் சுவையில் ஊறியவர்கள். பிற்காலத்தில் டி. கே. சி. குற்றாலத்தில் வாழ்ந்தபொழுது இராஜாஜியும் கல்கியும் அவ்விடம் நாடிச் சென்றனர். 1954ஆம் ஆண்டு அவர் மறையும்வரை உரையாடலும் கடிதமும் இடையறாது நிகழ்ந்தன. அவர் நண்பர்க்கு எழுதிய கடிதங்கள் பின்னர் நூலுருப் பெற்றன. ஒருவர் தாம் அன்று சுவைத்த பாடலை மறுநாளே மற்றொருவர்க்கு எழுதியனுப்புவது எத்துணைப் பெரிய இலக்கியப் பணி என்பதற்கு அக்கடிதங்கள் சான்று.

வட்டத்தொட்டியின் முறை எளியது. பாடலை ஓசை புலப்பட வாசிப்பர், மீண்டும் வாசிப்பர், சீர் நிற்கும் இடத்தையும் சொல் அழுந்தும் இடத்தையும் காட்டுவர். இலக்கணக் குறிப்பும் புராணச் செய்தியும் பின்னர் வரும். சிலபோது வராமலும் போம். முத்தொள்ளாயிரம் புலவர் நூலென ஒதுங்கிக் கிடந்த காலத்தில், அதனைப் பொது வாசகர்க்கும் உரியதாக்கியவர் டி. கே. சி. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களைப் பெருங்கவிதையின் வரிசையில் வைத்துப் பேசத் துணிந்தவரும் அவரே. பாடலைக் காதினால் அறியவேண்டும் என்று தமிழ் வாசகரைப் பழக்கியது அவ்வட்டத்தின் அழியாத கொடை.

அம்முறையின் குறையும் அங்கேயே பிறந்தது. தம் சுவைக்கு ஒவ்வாத பாடல்கள் கம்பனுடையன ஆகா என்று முடிவுசெய்த டி. கே. சி., கம்பராமாயணத்தைப் பதிப்பித்தபொழுது அவற்றை விலக்கினார். சில இடங்களில் சொல்லையும் மாற்றினார். ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் துணியும் அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. அவர்கள் மறுப்பு நேரியது. சுவை என்பது சான்றுக்கு மாற்றாகாது. ‘எனக்கு இனிக்கவில்லை’ என்பது வாசகனைப் பற்றிய செய்தி. ‘கம்பன் பாடவில்லை’ என்பது வரலாற்றைப் பற்றிய செய்தி. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லச் சுவடி என்னும் பாலம் வேண்டும். ஒருமனப்பட்ட நண்பர் நடுவே பேசும்பொழுது இவ்வேறுபாடு மறைதல் எளிது. மறுப்போர் இல்லாத வட்டத்தில் சுவை தன்னையே சட்டமாக்கிக்கொள்ளும்.

இன்னொரு குறையும் உண்டு. அதே நெல்லையில், இந்துக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவர் புதுமைப்பித்தன். அவர் 1930களில் எழுதிய ‘துன்பக் கேணி’ திருநெல்வேலிச் சிற்றூரிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்லும் மருதி என்பவளின் கதை. கம்பன் கவியில் தோய்ந்த வட்டத்தொட்டியின் அளவுகோலைக் கொண்டு இக்கதையை அளத்தல் இயலாது. இதில் இனிய ஓசை இல்லை. மனம் அமைதியுறும் முடிவு இல்லை. இதனைப் படித்தவர் ‘சுவைத்தேன்’ என்று கூறவும் தயங்குவர். ஆயினும் படித்தபின் மற்றொருவர் கையில் கொடுக்காதிருக்க முடியாத கதை அது. ஆகவே, வாசகர் பகிரும் இன்பத்தில் துன்பத்தை அறிந்த நிறைவும் அடங்கும் எனக் கொள்ளுதல் வேண்டும். ஈழத்தில் க. கைலாசபதி முதலிய திறனாய்வாளர்கள் இலக்கியத்தின் சமுதாயப் பின்னணியை வற்புறுத்தியபோது, சுவை ஒன்றையே அளவாகக் கொண்ட நெறியில் விடுபட்டுப்போன இப்பகுதியே முன்னுக்கு வந்தது.

மருதி வந்துசேர்ந்த அத்தேயிலை நாட்டில் நூல்கள் எவ்வாறு பகிரப்பட்டன? கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக ஹற்றனுக்குச் செல்லும் சாலை, கித்துள்கலையைக் கடந்து மலையேறிக் கினிகத்தேனையை அடைகிறது. அப்பால் வட்டவளை, இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. அச்சிட்ட தமிழ் நூலும் நெடுங்காலம் தலைநகரிலிருந்தே மலையேற வேண்டியிருந்தது. ஏறிவந்தாலும் வாசிப்போர் தொகை சிறிது. 1945இல் இலவசக் கல்வி நாட்டில் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் முழுப்பயனையும் பெறவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை 1970களிலும் அதன் பின்னருமே அரசின் பொறுப்பில் வந்தன. அத்தகைய சூழலில் லயத்துக் காம்பராவின் முன்னே எழுத்தறிந்த ஒருவர் வாசிக்க, அயலவர் சூழ்ந்து கேட்பதே நூல் பரவும் வழியாயிற்று. அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, நல்லதங்காள் கதை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்கள் அவ்வாறு கேட்கப்பட்டவை. கல்லாமையை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரத்தை வள்ளுவர் வைத்த முறையின் பொருத்தம் இங்கு நன்கு விளங்கும்.

இக்கேள்வி மரபை அரசியல் விழிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மையும் ஆவர். நடேசய்யர் துண்டுநூல்களும் நாடகமும் எழுதினார். மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாடல்கள் 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் சிறு நூலாயின. நூலை வாசிக்க இயலாதவரும் பாட்டைப் பாட இயலும். ஒருவர் பாடப் பத்துப்பேர் மனங்கொள்வர். அச்சுப்பிரதி ஒன்றாயினும் வாசகர் பலராவது இங்ஙனமே. இவற்றை யாப்பமைதி கொண்டு மட்டும் மதிப்பிடுவோர் கேட்போரை மறந்து நூலை மட்டும் நோக்கியவராவர்.

லயத்து வாசிப்பிலும் ஒரு குறை இருந்தது. அங்கு எழுந்த மதிப்பீடுகள் ஏட்டில் ஏறவில்லை. எக்கதையை மீண்டும் வாசிக்கச் சொன்னார்கள், எந்த இடத்தில் அழுதார்கள், எதனை நம்ப மறுத்தார்கள் என்பன கேட்டவரோடு மறைந்தன. வட்டத்தொட்டிக்குக் கடிதங்கள் இருந்தன, காம்பராவுக்கு இல்லை. இவ்விழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மடகும்புரவில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், தோட்ட மக்கள் பாடியவற்றைக் கேட்டுத் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என வெளியிட்டார். மக்கள் சுவைத்ததை நூல் வாசகர்க்குத் திருப்பித் தந்த செயல் அது.

அவருடைய மற்றொரு நூலின் வரலாறு மேலும் கருதத்தக்கது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பாடிய அவர்தம் நெடுங்கவிதை 1954இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எவரைப் பற்றிப் பாடப்பட்டதோ அவரால் அதனை வாசிக்க இயலவில்லை. அதனைச் சுவைத்த சக்தீ பாலையா ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழில் தந்த பின்னரே அக்கவிதை தன் மக்களிடம் வந்துசேர்ந்தது. தமிழகத்து வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலும் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பால் ‘எரியும் பனிக்காடு’ என்று 2007இல்தான் தமிழ் வாசகரை அடைந்தது. இவ்விரு நூல்களையும் மொழிபெயர்த்தோர் முதலில் வாசகர். தாம் பெற்றதைத் தாமே வைத்துக்கொள்ள இயலாத வாசகர். மொழிபெயர்ப்பு பகிர்வின் மிக உழைப்புமிக்க வடிவம் எனலாம்.

நெடுங்காலம் ஈழத்து வாசகர் கைமாற்றிக்கொண்டவை பெரும்பாலும் தமிழகத்து வார இதழ்களும் தொடர்கதைகளுமே. அவற்றின் சுவையை மறுப்பதற்கில்லை. ஆயின், அவை ஒன்றையே பகிர்ந்த வாசகர் அயல் தோட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தவரை அறியாதிருந்தனர். 1970களின் முற்பகுதியில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வீரகேசரி முதலிய நிறுவனங்கள் ஈழத்து நாவல்களை வெளியிட முன்வந்தன, வாசகரும் ஏற்றனர். தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வந்தது. வாசகர் சுவை மாறாதது என்ற எண்ணம் அப்போது பொய்யாயிற்று. கைக்கு எட்டுவதே முதலில் சுவைக்கும். எட்டச் செய்வோர் வேண்டும். 1997இல் துரைவி பதிப்பகத்தின் வழியாக ‘மலையகச் சிறுகதைகள்’ என்னும் தொகுப்பைத் தந்த தெளிவத்தை ஜோசப் அத்தகையவர். பழைய இதழ்களில் சிதறிக் கிடந்தவற்றைத் தேடிப் படித்து, தெரிந்து, நிரல்படுத்திப் பிறர் கையில் வைத்தார். தொகுப்பாசிரியன் என்பான் தன் சுவைக்குப் பொறுப்பேற்ற வாசகன்.

இன்று கைக்கு எட்டாமை பெருங்குறையன்று. 2005இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பல்லாயிரக்கணக்கில் திரட்டப்பட்டுள்ளன. கினிகத்தேனை மாணவனும் கைத்தொலைபேசியில் அவற்றைத் திறக்கலாம். குறைவது, ‘இதனைத் திறந்து பார்’ என்று கூறும் குரல். கூறுவோரும் ‘அருமை’, ‘அற்புதம்’ என்னும் ஒற்றைச் சொல்லோடு அமைகின்றனர். அச்சொல் எந்நூலுக்கும் பொருந்தும். ஆதலின் எந்நூலைப் பற்றியும் ஒன்றும் உரைப்பதில்லை.

நன்முறையிற் பகிர்வோர்க்குக் கடமை மூன்று. நூலில் எவ்விடம் தம்மை நிறுத்தியது என்று சுட்டுதல் முதலாவது. வட்டத்தொட்டி கற்பித்தது இது. ஏன் நிறுத்தியது என்று காரணம் கூறுதல் இரண்டாவது; காரணம் கூறப்புகுந்த கணத்திலேயே வாசகன் திறனாய்வாளனாகிறான். கேட்பவரின் மறுப்புக்கு இடமளித்தல் மூன்றாவது. ‘துன்பக் கேணி’யை மொழித்திறனுக்காகப் போற்றும் ஒருவரிடம், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாணவி ‘எங்கள் வாழ்க்கை இவ்வளவுதானா?’ என்று வினவலாம். அவ்வினாவை அடக்கும் வகுப்பறையில் சுவையும் வளராது; ஆராய்ச்சியும் வளராது. அவ்வினாவைத் தாங்கிய பின்னும் அக்கதையில் எது எஞ்சி நிற்கிறதோ அதுவே அதன் உண்மையான பெருமை.

பாடநூல் தேர்வுக்காகப் படிக்கப்படுகிறது. தேர்வு முடிய மூடப்படுகிறது. அதற்கு அப்பால் மாணவன் எதனையேனும் படிப்பானாயின், ஆசிரியரோ தோழனோ தம் கண்ணில் ஒளி தோன்ற அந்நூலைப் பற்றிப் பேசியதே பெரும்பாலும் காரணமாகும். பள்ளிதோறும் கிழமைக்கு ஒருமுறை, படித்துக்கொண்டிருக்கும் நூலைப்பற்றி மூவர் கூறவும் மற்றோர் வினவவும் அரைமணி நேரம் ஒதுக்குதல் அரிய செயலன்று. அதில் எழும் கருத்துகளை ஒரு கையேட்டில் எழுதிவைத்தலும் அரிதன்று. லயத்து முற்றத்தில் கேட்டவர்களின் மதிப்பீடுகள் எழுதப்படாமலே மறைந்தன. அவர்தம் பேரப்பிள்ளைகளின் மதிப்பீடுகளும் அவ்வாறே மறைதல் தகாது.